முதலில் துக்கம், பிறகு கலியாணம்

ரொறொன்ரோ, 1977 இலையுதிர்காலம்

என் மகள் கௌரிக்கு,

வருகிற சனிக்கிழமை நீயும் பீற்றரும் எல்லையைத் தாண்டி அமெரிக்காவில் குடியிருக்கப் போகிறீர்கள். ஏழு வருடங்களுக்கு முன் அவன் இந்தப் பக்கம் வந்த அதே பாலத்தால்தான் போகிறீர்கள். அன்று அவனை ஒரு வல்லரசு தேடிக்கொண்டிருந்தது. இன்று அவனை ஒருவரும் தேடவில்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய முன்னேற்றம் இருக்க முடியாது. நீ காரில் ஏறும்போது என் வாயில் வரப்போவது "வேகமா ஓடாதை பிள்ளை" என்பது மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். ஆகவே மற்றதை எழுதிவிடுகிறேன். இதை வேறு யாரும் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெண்ணைப் பெற்றவன் கவலைப்படுவதைத்தான் ஊர் எப்போதும் பார்த்திருக்கிறது. பெருமைப்படுவதையும் ஒருமுறை பார்க்கட்டும்.

பெருமைக்கு முன்னால் என் தகுதியைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் சரித்திரம் படிப்பித்தவன். வியட்நாமில் அமெரிக்கப் படை இறங்கியபோது, ஒரு வல்லரசு கணக்குப் பார்க்காமல் போருக்குப் போகாது என்று வகுப்பில் உறுதியாகச் சொன்னேன். பிள்ளைகள் அதை அப்படியே சோதனையில் எழுதினார்கள். நானும் முழுப் புள்ளி போட்டேன். பிறகு இந்த நாட்டுக்கு வந்து ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்துகளுக்கு விலை போடும் வேலையில் சேர்ந்தேன். போரினால் வரும் சேதத்துக்குக் கம்பனி பொறுப்பில்லை என்று ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்த வரியை எழுதியவர் என்னைவிட நல்ல சரித்திர ஆசிரியர். கொஞ்சக் காலம் மேசையில் இருந்து அதை வாசித்த பிறகுதான், நான் புள்ளி போட்ட பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. அவர்களுடைய விலாசங்கள் என்னிடம் இல்லை. அந்தக் கடனைத்தான் உன்னோடு வாதாடித் தோற்றுத் தீர்த்தேன் என்று நினைத்துக்கொள்.

தோற்ற முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாய். யூனிவேர்சிற்றி அவெனியூவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் போருக்கு எதிராகக் கூட்டம் என்று புறப்பட்டாய். வந்தேறிய நாட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். "வாயை மூடச் சொல்லி விசாவில எழுதியிருக்கோ அப்பா?" என்று கேட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டாய். உன்னைக் கூட்டிவரத்தான் அங்கே வந்தேன். கூட்டத்துக்குள் உன்னைத் தேடும்போது ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவேண்டும் என்று கையிலிருந்த சுலோக மட்டையை என்னிடம் நீட்டினார். மூத்தவர் ஒருவர் எதையாவது நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். வாங்கினேன். நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். அந்த நேரம் பார்த்து ஒருவன் படம் எடுத்தான். மறுநாள் பத்திரிகையில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, மிகுந்த மரியாதையோடு, "குண்டு போடுவதை நிறுத்து" என்ற மட்டையை நான் ஏந்தி நிற்கிறேன். கம்பனியில் மேலாளர் கூப்பிட்டு, உங்களுக்கு இவ்வளவு உறுதியான கொள்கை உண்டென்று தெரியாது என்றார். எனக்கும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே ஓம் என்றேன். மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கொள்கைக்கு வருகிறார்கள். நீ அப்படி வரவில்லை. யோசித்து வந்தாய். எங்கள் குடும்பத்தில் அது புதிது.

அதற்குப் பிறகுதான் நான் அமெரிக்க ஜனாதிபதிகளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். ஒருவர், எங்கள் பையன்களை அவ்வளவு தூரம் அனுப்பமாட்டேன் என்று சொல்லி வாக்கு வாங்கிவிட்டு அனுப்பினார். அடுத்தவர், முடித்துவைப்பேன் என்று சொல்லி வாக்கு வாங்கினார். முடிக்கிற வழியில் பக்கத்து நாடுகளிலும் குண்டு போடவேண்டியதாகிவிட்டது. பாரிஸில் சமாதானம் பேசப் போனவர்கள், உட்காரும் மேசை எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்பதில் வாரக்கணக்காக நின்றார்கள். இந்தப் பக்கம் எங்கள் கனடாவோ, போருக்குப் போகமாட்டேன் என்று ஓடிவந்த பையன்களையும் வரவேற்றது, போருக்குப் போகிற விமானங்களுக்கு உதிரிப்பாகங்களையும் விற்றது. இரண்டு பக்கத்துக்கும் நல்லவனாக இருப்பது எப்படி என்று அறிய விரும்புகிறவன் வேறு நாடு தேடத் தேவையில்லை. இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் பகிடியாகச் சொல்வேன். அம்மா சிரிப்பாள். நீ சிரிக்கமாட்டாய். "அப்பா, அங்க ஆக்கள் சாகினம்" என்பாய். பகிடி சொல்கிறவனுக்கு வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது நல்லது. அவன் எங்கே நிறுத்தவேண்டும் என்று அவள்தான் சொல்லுவாள்.

பிறகு பீற்றரை வீட்டுக்குக் கூட்டிவந்தாய். படைக்குக் கூப்பிட்ட கடிதத்தைக் கிழிக்காமல், மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு எல்லை தாண்டியவன். டான்ஃபோர்த்தில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறான். அம்மாவின் சொதியை மூன்றுமுறை கேட்டு வாங்கிக் குடித்தான். அதோடு அம்மாவின் பக்கம் முடிந்தது. என் பக்கம், ரெக்ஸ்டேலில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் பெரியவரான கனகரத்தினம் அண்ணையோடுதான் கொஞ்சம் இழுபட்டது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கோப்பியைத் தொடாமலே தொடங்கினார்.

"பெடியனிலை கேஸ் ஒண்டு இருக்காமே?"

"ஓம் அண்ணை."

"என்ன கேஸ்? களவோ?"

"இல்லை. ஆக்களைச் சுடமாட்டன் எண்டவர்."

அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்தார். "எங்கட பக்கத்தில சுட்டாத்தானே கேஸ்?"

"அது சின்ன நாடுகளின்ர சட்டம், அண்ணை."

"அப்ப பெரிய இடத்துக் கேஸ் எண்டு சொல்லும்," என்று அவர் கோப்பியை எடுத்தார். அடுத்த வாரமே, கௌரிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை பெரிய இடத்தோடு தொடர்புடையவர் என்று ரெக்ஸ்டேல் முழுக்கச் செய்தி. நான் திருத்தவில்லை.

போரை நடத்திவிட்டுப் பதவியை விட்டுப் போன ஜனாதிபதிக்கு, அவருக்குப் பின் வந்தவர் முழு மன்னிப்புக் கொடுத்தார். அவர் பதவியில் இருந்தபோது செய்த எதற்கும் கேள்வி இல்லை. அதே மாதம் பீற்றர் போன்றவர்களுக்கும் ஒரு மன்னிப்பை நீட்டினார். அதற்கு நிபந்தனை இருந்தது. விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்து, நாட்டுக்குப் பயன்படும் வேலை ஒன்றைச் சில காலம் செய்யவேண்டும். "நான் பாண் போடுகிறேன், அது பயன்படாத வேலையா?" என்று பீற்றர் கேட்டான். போகவில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் புதிய ஜனாதிபதி பதவிக்கு வந்த கையோடு நிபந்தனை இல்லாமல் மன்னித்தார். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்று கைதட்டினேன். நீ உட்கார்ந்தபடியே, "மன்னிப்புக் கேட்கவேண்டியவை ஆர், குடுக்கிறவை ஆர் அப்பா?" என்றாய். நான் கைதட்டியதை நிறுத்திவிட்டு, ஏதோ தூசு தட்டியதுபோல உட்கார்ந்தேன்.

கேஸ் இல்லை என்றானதும் கலியாணத்துக்கு நாள் வைத்தோம். அப்போதுதான் பீற்றரின் தகப்பனார் வோல்ற்றரின் பேச்சு வந்தது. பஃபலோவுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் தனியாக இருப்பவர். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதே மனைவி காலமாகிவிட்டா. மகன் எல்லை தாண்டிய நாளிலிருந்து அவர் பேசவில்லை. பீற்றர் எழுதிய கடிதங்கள் உடைக்காமலே திரும்பி வந்தன. தபாலில் ஓர் அழைப்பிதழ் அனுப்பினால் போதும், அவர் வரமாட்டார் என்று பீற்றர் சொன்னான். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சம்பந்திக்குத் தபாலிலயோ கலியாணம் சொல்லுறது? நாளைக்கு அந்த மனிசன் 'எனக்கு ஆர் வந்து சொன்னது' எண்டு கேட்டால் நாங்கள் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"அவர் கேட்கமாட்டாரம்மா, வெள்ளைக்காரர்," என்றேன்.

"வெள்ளைக்காரருக்கு முகம் இல்லையோ?"

அழையாத வீட்டுக்குத் தான் வரமுடியாது என்றான் பீற்றர். அதுவும் எங்கள் ஆட்கள் சொல்கிற கதைதான். ஆகவே நாங்கள் மூன்று பேரும் போனோம். நீ கார் ஓடினாய். அம்மா பின்னால், மடியில் தாம்பாளத்தட்டோடு. தட்டில் ஜெராட் வீதிக் கடையில் வாங்கிய வெற்றிலை, பாக்கு, தேசிக்காய், வாழைப்பழம், சந்தனம், குங்குமம். போகிறோம் என்று அவருக்குத் தொலைபேசியில் அறிவிக்கவேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கலியாணம் சொல்லப் போகிறவன் முன்கூட்டி அறிவித்துவிட்டா போவான்? அந்தப் பாலத்துக்குச் சமாதானப் பாலம் என்று பெயர். அதன் அந்தக் கரையில் துப்பாக்கி வைத்திருந்த அதிகாரி தட்டை வாங்கிப் பார்த்தார். குங்குமத்தை முகர்ந்தார், தும்மினார். வெற்றிலையையும் தேசிக்காயையும் பழத்தையும் எடுத்துவைத்துக்கொண்டார். அந்த நாட்டுக்குள் எவ்வளவோ ஆயுதங்கள் போய்வந்த காலம். அவர் நிறுத்தியது தேசிக்காயை.

வோல்ற்றரின் வீட்டுக் கதவைத் தட்டினோம். உயரமான மனிதர், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். பட்டுச்சேலையையும் தட்டையும் சந்தனத்தையும் பார்த்தார். "எங்களுக்குத் தேவாலயம் இருக்கிறது. போன மாதமும் உங்கள் ஆட்கள் வந்தார்கள். ஊதுபத்தி வேண்டாம்," என்று கதவைச் சாத்தினார்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"நாங்கள் மதம் மாத்த வந்திருக்கிறமாம்."

"எங்கட சமயத்தில சேருறது அவ்வளவு லேசில்லை எண்டு சொல்லுங்கோ."

எனக்குத் திரும்பிப் போகலாம் என்று பட்டது. சம்பந்தி கதவைச் சாத்திவிட்டார். சொல்ல வந்தோம், சொல்ல முடியவில்லை, கடமை முடிந்தது. சரித்திரத்தில் பெரும்பாலான தூதுகள் இந்த இடத்தில்தான் முடிந்திருக்கின்றன. நீதான் மறுபடியும் தட்டினாய். திறந்ததும், "அங்கிள், நான் பீற்றரைக் கலியாணம் கட்டப்போறவள். இவை என்ர அம்மா, அப்பா," என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அங்கிள் என்ற சொல் அவரைக் கொஞ்சம் குழப்பியது. அவருக்குத் தெரிந்தவரை அவருக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் வழி விட்டார்.

முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல், சீருடை போட்ட ஒரு பையனின் படம். பக்கத்தில் முக்கோணமாக மடித்த கொடி. அம்மா தட்டோடு அப்படியே நின்றாள்.

"இது ஆர் பிள்ளை?"

"பீற்றரின்ர தமையன் அம்மா. மைக்கேல். பீற்றர் கனடாவுக்கு வந்த பிறகு, வியட்நாமில செத்தவர்."

இது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் சாவுக் கதை எதற்கு என்று அம்மாவுக்கு மட்டும் சொல்லாமல் விட்டிருந்தோம். சொல்லவேண்டாம் என்று உன்னைத் தடுத்ததும் நான்தான். எங்கள் ஆட்களுக்கு மட்டும் கைவந்த பிழை அது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை, இருபத்தைந்து வருடக் கலியாண வாழ்வில் ஒன்றிரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன்.

"செத்த வீட்டுக்கு ஒரு எட்டு வந்து துக்கம் விசாரிக்கேல்லை. இப்ப குங்குமத்தட்டோட வந்து நடுவீட்டில நிக்கிறன். நீங்களும் ஒரு படிச்ச மனிசன்!"

திரும்பி வெளியே போனாள். மழைக்குள் காரைத் திறக்கச் சொல்லி, தட்டைப் பின்பெட்டிக்குள் வைத்தாள். தலையிலிருந்த பூவை எடுத்து அதற்குள்ளேயே போட்டாள். வெறுங்கையோடு வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், வோல்ற்றருக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள். அவர் உன்னைப் பார்த்தார். "உங்கள் மூத்த மகனுக்காக வந்திருக்கிறோம் என்று அம்மா சொல்கிறா. பிந்திவிட்டதாம். அறியாமல் போனோமாம்," என்றாய். அம்மா அதுவரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நீ சரியாகத்தான் மொழிபெயர்த்தாய்.

பிறகு அம்மா கேட்டாள். பிள்ளைக்கு என்ன வயது? என்ன சாப்பாட்டில் விருப்பம்? உங்களுக்கு ஆர் வந்து சொன்னது? நீ ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் கேட்டாய். எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு வருகிற எவரும் கேட்கிற கேள்விகள்தான். அந்த மனிதரிடம் அவற்றை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. கேட்டால் நோகும் என்று அந்த ஊர் ஆட்கள் விலகிப் போயிருக்கிறார்கள். அவர் முதலில் வயதைச் சொன்னார். பிறகு செரிப்பழம் வைத்துச் சுட்ட பலகாரம் என்றார். அதன் பிறகு, சீருடையில் இரண்டு அதிகாரிகள் இதே கதவைத் தட்டி, ஜனாதிபதியின் சார்பில் வருத்தம் தெரிவித்ததைச் சொன்னார்.

"நேரில வந்துதான் சொன்னவையோ? அது முறைதான்," என்றாள் அம்மா. அமெரிக்க அரசின் ஒரு செயலை அவள் ஒப்புக்கொண்டது அந்த ஒருமுறைதான். "பிறகு வந்தவையோ? முப்பத்தொண்டாம் நாளுக்கு, ஆண்டுத் திவசத்துக்கு?"

நீ கேட்டாய். ஒருவரும் வரவில்லை என்றார்.

"பிறகு வராதவை முதல் வந்ததும் வராத மாதிரித்தான்," என்றாள் அம்மா. அதை நீ மொழிபெயர்க்கத் தயங்கினாய். பிறகு செய்தாய். வோல்ற்றர் எழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றார். திரும்பாமலே சொன்னார்: "பீற்றரும்தான் வரவில்லை. சொந்த அண்ணனின் அடக்கத்துக்கு."

"வந்தவர் அங்கிள்," என்றாய் நீ. "வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரியும். அடக்கம் நடந்த அன்றைக்கு அந்தப் பாலத்தின் கனடாக் கரை வரைக்கும் வந்து, இருட்டும் வரை நின்றவர். உங்களுக்கு எழுதினவர். நீங்கள் உடைக்கவில்லை."

அப்போதுதான் அவர் திரும்பினார். அந்த மனிதர் அவ்வளவு வருடமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது என்று நினைக்கிறேன். உன் முகத்துக்கு நேரே கேட்டார்: "எனக்கு இரண்டு பையன்கள். ஒருவன் கூப்பிட்டதும் போனான். ஒருவன் மாட்டேன் என்றான். ஒருவன் சரியென்றால் மற்றவன் பிழை. நீ படித்தவள். எவன் என்று நீயே சொல்."

கௌரி, உன்னை எனக்குத் தெரியும். பல்கலைக்கழக மேடைகளில் இதைப்பற்றி நீ பேசியிருக்கிறாய். கையில் தாள் இல்லாமல், ஒப்பந்தங்களும் பொய்களும் யார் எப்போது எதைச் சொன்னார் என்பதும் ஒழுங்காக உனக்கு வரும். நீ சொல்லியிருந்தால் எல்லாம் உண்மையாக இருந்திருக்கும். அந்த உண்மையின் கனத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலிருந்த பையன் இரண்டாம் முறை செத்திருப்பான். பீற்றருக்கும் தகப்பன் இல்லாமலே போயிருக்கும்.

நீ வெகுநேரம் படத்தைப் பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "எனக்குத் தெரியாது அங்கிள். அது உங்கள் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி இல்லை. போரைத் தொடங்கினவைதான் மறுமொழி சொல்லவேண்டும். அவை அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து உங்கள் வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டினம். நீங்கள் அதை ஏழு வருடமாகத் தனியாக வைத்திருக்கிறீங்கள்."

அவர் அடுப்படிக்குப் போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்தார். செத்த வீட்டில் கைநனைக்கலாமோ என்று அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தானே முடிவெடுத்துக் குடித்தாள். வாசித்த புத்தகங்கள் எல்லாவற்றிலும், ஒரு போரைப்பற்றி நேர்மையாகப் பேசிய வாக்கியம் இவ்வளவு குறைந்த சத்தத்தில் சொல்லப்பட்டதை நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னது என் பிள்ளை.

கலியாணத்தைப்பற்றி அதற்குமேல் அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரே வரவில் இரண்டையும் சொல்லக்கூடாது என்று அம்மா முடிவாக இருந்தாள். முதலில் துக்கம், பிறகு கலியாணம். பாரிஸுக்கு அவளை அனுப்பியிருந்தால் மேசையே தேவைப்பட்டிராது. புறப்படும்போதும், செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லாதபடியால், மூன்று பேரும் எழுந்து பேசாமல் வெளியே நடந்தோம். நான் காரிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர், விடைகூடச் சொல்லாமல் போகிற இந்த விசித்திரமான ஆட்களைப் பார்த்துக்கொண்டு, கோப்பிக் கோப்பையோடு மழைச்சாரலில் வாசலில் நின்றார்.

சில கிழமை கழித்து இரண்டாம் தரம் போனோம். பாலத்து அதிகாரி இம்முறையும் தேசிக்காயை எடுத்துக்கொண்டார். வோல்ற்றர் கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, "இப்போது எதற்காக?" என்று கேட்டார். இப்போது கலியாணத்துக்கு என்றாய். அம்மா காட்டித் தந்தபடி இரண்டு கையாலும் வாங்கினார். வருவேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜனாதிபதிகள் அப்படிப் பேசினால் நான் ஏளனம் செய்திருப்பேன். இவரிடம் அது நேர்மையாக இருந்தது. அவருக்கே தெரியவில்லை.

மோர்னிங்சைட் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஆனி மாதம் கலியாணம். மாப்பிள்ளை பக்கம் என்று ஒரு வரிசைத் தாடிக்காரர்கள், எல்லாரும் முன்னொரு காலத்தில் தேடப்பட்டவர்கள். தகப்பன் இடத்தில் இருப்பதற்குக் கனகரத்தினம் அண்ணை வேட்டி சால்வையோடு தயாராக இருந்தார். பெரிய இடத்துச் சம்பந்தியாக நடிப்பது அவருக்குப் பிடித்தே இருந்தது. ஐயர் தாரைவார்க்கக் கூப்பிட்டபோது பின்கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு, தன் காலத்துப் போரில் கிடைத்த சின்னப் பதக்கம் ஒன்று நெஞ்சில். மண்டபம் முழுக்கத் திரும்பியது. அண்ணை ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு சால்வையைக் கழற்றி வோல்ற்றரின் தோளில் போட்டு, "வாரும் ஐசே, உம்மட வேலையை நீர் செய்யும்," என்றார். தமிழில்தான் சொன்னார். வோல்ற்றருக்கு விளங்கியது.

தகப்பனும் மகனும் கைகுலுக்கினார்கள், இரண்டு நாட்டுத் தலைவர்கள் படத்துக்கு நிற்பதுபோல. பீற்றரின் தலைப்பாகை சரிந்திருந்தது. வோல்ற்றர் அதை இரண்டு கையாலும் நிமிர்த்திவிட்டார். நிமிர்த்திய கை உடனே எடுபடவில்லை. நீ குனிந்திருந்தபடியால் பார்த்திருக்கமாட்டாய். நான் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது அவரோடு இருக்கப் போகிறீர்கள். நீயாக எடுத்த முடிவு. தனியாக இருக்கிறார் என்று சொன்னாய். அம்மா ஓர் இரவு அழுதாள், மறுநாள் மிளகாய்த்தூள் இடிக்கத் தொடங்கினாள். அந்த நாட்டில் எப்படி வாழவேண்டும் என்று நான் உனக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு தலைவர் கடவுளையும் கௌரவத்தையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால், அடுத்த வாக்கியத்தில் யாருடைய பிள்ளையைக் கேட்கிறார் என்று கவனி. ஓர் ஊரைக் காப்பாற்றக் குண்டு போடவேண்டும் என்று எவர் சொன்னாலும், அந்த ஊரின் பெயரை வரைபடம் பார்க்காமல் சொல்லச் சொல். எந்தக் கட்சி வென்றாலும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடு, மறுநாளிலிருந்து கேள்வி கேள். உன் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பி. எந்த மொழியில் வந்தாலும் பொய் பொய்தான், ஆனாலும் இரண்டு மொழியில் சொல்லிப் பார்த்தால் அது கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வோல்ற்றர் என்னோடு தொலைபேசியில் பேசினார். நீங்கள் வந்து சேர்ந்ததும் உன்னோடு வாஷிங்டனுக்குப் போகவேண்டுமாம். அந்த வெள்ளை மாளிகை வாசலில் போய், என் இரண்டு பையன்களில் எவன் சரி என்று கேட்கப் போகிறாராம். தனக்கு அவ்வளவு தூரம் கார் ஓடக் கண் காணாதாம், நீ ஓடுவாயா என்று கேட்டார். இதை எழுதி அனுப்பலாமே என்றேன். "உங்கள் மனைவி எழுதியா அனுப்பினா?" என்றார். இப்போது உள்ளே இருப்பவர் அந்தப் போரைத் தொடங்கியவர் இல்லையே என்றேன். "ஆள் மாறினால் என்ன, என் வீட்டுக்குச் செய்தி வந்தது அந்த வீட்டிலிருந்துதானே," என்றார். 

காவலர்கள் வாசல் படலையோடு மறித்துவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டதும் பிள்ளையை அனுப்பிய மனிதர், வாழ்நாளில் எந்தத் தலைவரையும் ஒரு கேள்வி கேட்டறியாதவர். வெளியே நின்று ஏதோ இரண்டு வாக்கியம்தான் சொல்லுவார். உன்னால் அதைவிட நன்றாகச் சொல்லமுடியும். சொல்லாதே. அது அவருடைய கேள்வி, அவரே கேட்டு முடிக்கட்டும். நீ பக்கத்தில் நில், பிள்ளை.

உன் அப்பா